பதினோராவது சுவர்

காலை பத்தே முக்கால். மூன்று நாளாகச் சுற்றி, பதினோரு போலீஸ் ஸ்டேஷன்களில் பத்தைப் பார்த்து முடித்தாயிற்று. ஜீப்பில் உட்கார்ந்திருந்த கனகசபாபதிக்கு மனசு புழுங்கியது.

“ஏன் மேடம், ஏழு நாள் முன்னாடியே கடிதம் போட்டுட்டுச் சோதனைக்குப் போறோம். இது சோதனையா? பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்கு.”

ரெஜினா சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

“பொண்ணு பார்க்கப் போனா என்ன சார் பார்ப்பீங்க?”

“அவங்க காட்டறதை.”

“அதைத்தான் பார்க்கணும்.”



கனகசபாபதி ஓய்வு பெற்ற தாசில்தார். வயது அறுபத்து மூன்று. போலீஸ் மீது வரும் புகார்களைப் பார்க்கும் மாவட்டக் குழுவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. குழுத் தலைவி ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஜெயில் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். இந்த வேலையை உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கனகசபாபதி முதல் நாளே சொல்லிவிட்டார். அவரும் சரி என்றார். அன்றிலிருந்து கேள்வி எல்லாம் இவருடையது.

மடியில் இருபத்தேழாம் எண் மனு இருந்தது.

கொடுத்தவர் செண்பகவல்லி. அவர் கணவர் காத்தவராயன், கொத்தனார். பிப்ரவரியில் பஸ் ஸ்டாண்டில் சாதாரண உடையில் வந்த நாலு பேர் அவரை வேனில் ஏற்றிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று யாருக்கும் தெரியாது. செண்பகவல்லி ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சாப்பாட்டுத் தூக்குடன் போய் நின்றார். பதினோரு இடத்திலும் ஒரே பதில்தான்: அப்படி யாரையும் கூட்டி வரவில்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. மூன்று அமர்வுக்குள் ஆதாரம் கிடைக்காவிட்டால் மனு முடிக்கப்படும். மூன்றாவது அமர்வு மறுநாள்.

பார்த்த பத்து ஸ்டேஷனும் பளிச்சென்று இருந்தன. தரை கழுவியிருந்தது. நீர்மோர் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் லாக்கப்புக்குள்ளேயே ஊதுபத்தி எரிந்தது. ரெஜினா ஒவ்வொரு லாக்கப்பிலும் ஒரு நிமிஷம் நின்றார். எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பதினோராவது ஸ்டேஷனின் படியேறும்போதே சுண்ணாம்பு வாடை அடித்தது.

லாக்கப்பில் ஆள் இல்லை. மூன்று சுவர்கள் அழுக்கேறிய மஞ்சள். வடக்குச் சுவர் மட்டும் வெள்ளை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்தார். “முழுக்க அடிக்கத்தான் சொன்னேன் மேடம். சுண்ணாம்பு பத்தலை.”

ரெஜினா குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

கான்ஸ்டபிள் ஒரு சொம்பில் கொண்டுவந்தார். ரெஜினா ஒரு வாய் குடித்தார். மீதியைச் சுவரில் வீசினார்.

முன்அறையில் வயர்லெஸ் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் வழிந்து தரைக்கு வந்தது. நனைந்த இடத்தில் வெள்ளை மங்கியது. சுண்ணாம்பு தோல் மாதிரி மெலிந்தது. தோலுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு எழும்பியது. பிறகு இன்னொன்று.

செங்கல் துண்டால் கீறிய எழுத்துகள்.

முதலில் ‘கா’ தெரிந்தது. மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பக்கத்தில் வந்து நின்றன.

காத்தவராயன்.

பெயருக்குக் கீழே நாலு கோடு. நாலு நாள்.

கனகசபாபதிக்கு அந்த அறையில் ஆறாவதாக ஒரு ஆள் நிற்பதுபோல் இருந்தது. திரும்பி எண்ணிப் பார்த்தார். ரெஜினா, இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், தான். ஐந்து பேர்தான்.

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக்குங்க சார்,” என்றார் ரெஜினா. “காயறதுக்குள்ள.”

கனகசபாபதி எழுதினார். சுவரின் ஓரங்கள் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. வந்த எழுத்துகள் வந்த வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“எழுதியாச்சு மேடம். பேரு, நாலு கோடு. இன்ஸ்பெக்டர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடறேன்.”

“அதுக்குக் கீழே?”

அவர் குனிந்தார்.

தரையை ஒட்டி, படுத்துக் கிடப்பவன் கை எட்டுகிற உயரத்தில், இன்னும் சில கோடுகள் இருந்தன. அவை வேறு கை. மெல்லியவை. பாதிக்கு மேல் மறைந்துவிட்டன.

“பேர் இல்லை மேடம். இதுக்கு நம்மகிட்ட மனுவும் இல்லை.”

ரெஜினா காலிச் சொம்பைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார்.

“தம்பி, இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க.”

கனகசபாபதி அவரைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு ஈரத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

குழு கொடுத்த அறிக்கையின் பேரில், ஜூலை ஒன்பதாம் தேதி, அந்த ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்ட வண்டிகளை நிறுத்தும் இடத்தில், இப்போதைய தாசில்தார் முன்னிலையில் மண் தோண்டப்பட்டது. இரண்டு உடல்கள் எடுக்கப்பட்டன. ஒன்றைச் செண்பகவல்லி அடையாளம் காட்டினார்.