பூ இல்லாத காந்தள்

மலையடிவாரக் காட்டில் ஒரு காட்டுப்பன்றி தன் நான்கு குட்டிகளோடு இரை தேடி அலைந்தது. அது கடுங்கோடை. மூன்று நாளாகக் குட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்குட்டிக்கு நடக்கவும் தெம்பில்லை.

ஒரு காரை முட்புதரின்மேல் காய்ந்த கொடி ஒன்று தொங்கியது. கொடி இருந்தால் மண்ணுக்குள் கிழங்கும் இருக்கும். ஆனால் என்ன கிழங்கு? வள்ளிக்கிழங்கு என்றால் பசி தீரும். காந்தள் கிழங்கு என்றால் குட்டிகளின் உயிரே போகும். பன்றி தயங்கி நின்றது.

பாறைமேல் மயில் உட்கார்ந்திருந்தது. காட்டுப் பூக்களைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் அதனிடம் பதில் உண்டு. சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

“மயிலண்ணே, இது என்ன கொடி?” என்று கேட்டது பன்றி.

“காந்தள் பக்கத்தில்தானே வருஷா வருஷம் ஆடுகிறேன், எனக்கா தெரியாது? அது சிவப்பும் மஞ்சளுமாக, இதழெல்லாம் மேலே வளைந்து பூத்திருக்கும். இங்கே ஒரு பூவைக் காட்டு பார்ப்போம். இல்லையே! அப்படியானால் இது வள்ளிதான். தைரியமாகத் தோண்டு.”

பன்றி தோண்டியது. கிழங்கு தெரிந்ததும் கடைக்குட்டி ஓடிவந்து வாயைத் திறந்தது.

“அக்கா, குட்டியைத் தடுங்கள்!” என்று புதருக்குள்ளிருந்து ஒரு முயல் பாய்ந்து வந்தது.

பன்றி குட்டியை மூக்கால் தள்ளிவிட்டது.

“முயலுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?” என்று சிரித்தது மயில்.

முயல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “கொடியைப் பாருங்கள் அக்கா. வள்ளியின் தண்டு தானே மரத்தைச் சுற்றி ஏறும். இது அப்படிச் சுற்றவில்லை. இலை நுனி சுருண்டு முள்ளைப் பிடித்திருக்கிறது, காய்ந்தும் விடவில்லை. கிழங்கையும் பாருங்கள், கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இது காந்தள்தான்.”

“கல் தடுத்தால் எந்தக் கிழங்கும் பிரியும்” என்றது மயில்.

பன்றி முயலைப் பார்த்தது. “உனக்கு எப்படி இவ்வளவு உறுதி?”

“மயிலண்ணன் மழைக்கு வந்து ஆடிவிட்டுப் போகிறவர். என் வளை இந்தப் புதருக்கு அடியில்தான். இந்தக் கொடி முளைப்பதும் பூப்பதும் காய்வதும் என் வாசலில் நடக்கிறது.”

பன்றிக்கு அது போதும். கிழங்கை மண்ணைப் போட்டு மூடியது. முயல் காட்டிய மேட்டுச் சரிவில், மரத்தைச் சுற்றி ஏறிய காய்ந்த கொடியின் அடியில் தோண்டியது. நீள நீளமாக வள்ளிக்கிழங்கு வந்தது. குட்டிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிப்போயின.

மழை வந்தது. பன்றி மூடிவைத்த இடத்திலிருந்தே கொடி முளைத்து, காரைப் புதர் முழுக்கக் காந்தள் பூத்தது. மயில் அதன் பக்கத்தில் தோகையை விரித்தது.

“பார்த்தாயா, இதுதான் காந்தள். நான் சொன்ன மாதிரியே இருக்கிறதல்லவா?” என்று கடைக்குட்டியிடம் கேட்டது.

“இதைத்தானே அண்ணே அன்றைக்கு என்னைத் தின்னச் சொன்னீர்கள்?” என்றது குட்டி.

மயில் தோகையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

பூத்த நாளில் மட்டும் பார்த்தவரைவிட, பூக்காத நாளிலும் கூடவே இருந்தவரின் பேச்சையே நம்ப வேண்டும்.