பாகற்காயை விட்டவர்

"நான் காசியிலேயே விட்டுட்டு வந்துட்டனுங்க தாயே."

"எதை?"

"பாகற்காயை."

மடத்துத் தாயார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாகற்காய் ரொம்பப் பிடிக்குமோ?"

"கண்ணுல காட்டக் கூடாதுங்க."

"பழம் ஒண்ணும் விடணுமே."

"சீத்தாப்பழத்தை விட்டனுங்க. ஒரே கொட்டை. துப்பித் துப்பியே வாய் வலிக்கும்."

"அப்போ கங்கை வரைக்கும் போய், பிடிக்காததையெல்லாம் ஒழிச்சுட்டு வந்திருக்கீங்க."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றையும் பிடித்த பழம் ஒன்றையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். போகிறவர்களில் பாதிப் பேர் அவர் செய்ததைத்தான் செய்கிறார்கள். யாரும் இப்படி நேருக்கு நேர் கேட்பதில்லை.

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் கேட்டார்கள்.

மடத்து வாசலில் ஒரு தட்டைக் கல். மந்திரம் வேண்டி வருகிறவர் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை அதன்மேல் வைக்க வேண்டும். ஒருவர் வெற்றிலைப் பெட்டியை வைத்தார். ஒருவர் புல்லாங்குழலை வைத்தார். கையில் எடுத்துவர முடியாதது என்றால், அதன் பேரைச் சொல்லி ஒரு கூழாங்கல்லை வைக்கலாம். வைத்துவிட்டால் மந்திரம் உண்டு, மடத்தில் இடம் உண்டு. வீடு திரும்புவது கிடையாது.

தாயாருக்கு வயது நாற்பத்திரண்டு. மடத்துக்கு வருமுன் செவிலியாக இருந்தவர். நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. எடை அளவு ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவர். எடைக்கல்லில் எவ்வளவு குறைகிறது, லிட்டரில் எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. குறையாத ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பேசும்போதே அவருடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாயார் அதைப் பார்த்தார்.

"எத்தனை?"

"எண்பத்தி ரெண்டுங்க."

"எப்போதிருந்து எண்ணறீங்க?"

"தங்கராசு போனதுலருந்துங்க."

தங்கராசு அவரோடு வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் விழாவில் நன்றி சொல்ல எழுந்தார். கழுத்தில் போட்ட மாலையோடு அப்படியே சரிந்தார். அன்றிலிருந்து நாச்சிமுத்து மணிக்கொரு தரம் நாடி பார்க்கிறார். படுத்தாலும் எண்ணுகிறார். ஒன்று தவறினால் உடம்பெல்லாம் வேர்த்துவிடுகிறது. சாவு பயம்தான். அதற்கு வேறு பேர் தேட வேண்டியதில்லை.

"மந்திரம் கிடைச்சாப் போதுங்க தாயே. போற நேரத்துல பிடிச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணும்."

"முதல்ல வைக்கறதுக்கு ஒண்ணு வேணும். உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

நாச்சிமுத்து யோசித்தார். கரையில் ஒருவர் துணி துவைத்து, அலசி, பிழிந்து, காயப்போட்டு முடித்தார். அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தோணலீங்க."

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் நேரம். தேடுங்க. வரும்போது வீட்டிலிருந்து ஒருத்தரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

"கிடைக்காட்டி?"

"வெறுங்கையோட வந்தா திரும்பிப் போயிடணும். இங்க ரெண்டாவது தடவை கிடையாது."

*

மனைவி மயிலாத்தாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கிடைச்சுதுன்னா போயிருவீங்களா?"

"போயிருவேன்."

"திரும்பி?"

"வர முடியாது."

அவள் ஆய்ந்த காயை நார்ப் பக்கமும், நாரைக் காய்ப் பக்கமும் போட்டாள்.

*

மறுநாள் நாச்சிமுத்து நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினார். பார்த்தவர்களிடமெல்லாம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று விசாரித்தார். சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பழைய கடைக்காரர்கள் பயந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் மீன் தொட்டியைக் காட்டினார். நாச்சிமுத்து அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்றார் அவர் ஆசையாக.

"தண்ணி ஒரு அங்குலம் குறைச்சல்."

மூன்றாம் நாள் காலை, டீயை ஒரு வாய் குடித்தவர் டம்ளரைப் பார்த்தார். மறுபடியும் ஒரு வாய் குடித்தார்.

"இன்னைக்கு டீ நல்லா இருக்குது."

கல்யாணமான முப்பத்து நான்கு வருடத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. வேறு எந்த மாதத்தில் சொல்லியிருந்தாலும் மயிலாத்தாள் உச்சி குளிர்ந்திருப்பாள். இப்போது குளிரவில்லை. டீயின் பேரைச் சொல்லிக் கூழாங்கல்லை வைத்துவிட்டு இந்த மனுசன் போய்விடுவாரே.

நான்காம் நாள் டீயில் உப்பு இருந்தது.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நாச்சிமுத்து வாசகசாலையில் கேரம் ஆடினார். "சிவப்பை நான்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. மயிலாத்தாள் அந்தத் துள்ளலைப் பார்த்துப் பதறினாள்.

ஏழாம் நாள் வாசகசாலையில் காய் அடிக்கும் ஸ்டிரைக்கரைக் காணோம். பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் தேடிவிட்டார்கள்.

எட்டாம் நாள் காலை அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டீயில் போடச் சர்க்கரை தேடிய நாச்சிமுத்து, டப்பா மாற்றித் துவரம்பருப்பைத் திறந்துவிட்டார். பருப்புக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலால் கிளறினார்.

ஸ்டிரைக்கர்.

முப்பத்து மூன்று வருடம் எடைக் களவையும் அளவுக் களவையும் பிடித்தவர். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்ட அவருக்கு நேரம் பிடிக்கவில்லை.

கொல்லையில் துணி அடிக்கும் சத்தம் நின்றது.

அவர் ஸ்டிரைக்கரைப் பருப்புக்குள் முன்பு இருந்த மாதிரியே புதைத்தார். டப்பாவை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்து டீயை எடுத்தார்.

"எப்படீங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

"சுமார்தான்."

"நேத்துப் போல இல்லீங்களா?"

"நேத்தும் சுமார்தான்."

அவள் முகம் தெளிந்ததை அவர் பார்த்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

*

மாதம் நகர்ந்தது.

மதியம் ரேடியோவில் பழைய பாட்டு கேட்டார். மறுநாள் அதில் பேட்டரி இல்லை. முல்லைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, மொட்டு விரிவதைப் பார்க்க நாற்காலி போட்டார். மறுநாள் செடியில் ஒரு மொட்டுக்கூட இல்லை. எல்லாம் பக்கத்துப் பிள்ளையார் கழுத்தில் இருந்தது.

பேப்பரில் குறுக்கெழுத்து போட ஆரம்பித்தார். அடுத்த நாள் பேப்பரை விரித்தால் கட்டங்களெல்லாம் பேனாவால் நிரம்பியிருந்தன. எல்லாமே தப்பு. 'அரசன்' என்று வர வேண்டிய இடத்தில் 'கத்தரி' என்று இருந்தது. நாச்சிமுத்து பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. அச்சுப்பிழை."

ஒரு நாள் சாப்பிடும்போது, "கோவைக்காய்ப் பொரியல் பிரமாதம்" என்றார். அதன்பிறகு கோவைக்காய் அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. முப்பத்து நான்கு வருடமாக அவர் மென்று முழுங்க முடியாமல் தவித்த காய் அது.

அவளுக்கு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். விழித்தே கிடந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. காலையில் அவர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு, அடுக்களையில் எந்த டப்பா திறக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். டீ டப்பா. சர்க்கரை டப்பா. அப்புறம் உப்பு ஜாடியின் மூடி. அது திறக்காவிட்டால் எழுந்திருக்கமாட்டார்.

மயிலாத்தாள் சாயங்காலங்களில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நிலாவைப் பார்த்தாள். கீற்றாக இருந்தது பாதியானது. பாதி முக்காலானது. தான் செய்வது பாவம் என்று அவளுக்குத் தெரிந்தது. இவர் பயத்தில் எண்ணிக்கொண்டு கிடந்ததைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அவள்தான். மருந்துக்குப் போகிறவரின் வழியில் முள்ளைப் போடுகிறேனே என்று அழுதாள். மறுநாள் காலை மறுபடியும் உப்பு ஜாடியைத் திறந்தாள்.

பௌர்ணமிக்கு முதல்நாள் கேட்டாள்.

"கிடைச்சுதுங்களா?"

அவர் வேட்டியை உதறி மடித்தார்.

"உங்களைத்தானுங்க."

"நாளைக்குச் சாட்சிக்கு நீதான் வரணும்."

அன்று அவள் சாப்பிடவில்லை.

*

காலை பத்து மணிக்கு மடத்து வாசலில் நின்றார்கள். அவள் கையில் பிளாஸ்க். கல்லின் அந்தப் பக்கம் தாயார்.

"கொண்டு வந்தீங்களா?"

"இல்லீங்க தாயே."

"ஒரு மாசத்துல ஒண்ணுகூடவா?"

"கல்லுல வைக்கற மாதிரி ஒண்ணுமில்லீங்க."

"அப்போ போயிட்டு வாங்கன்னுகூடச் சொல்ல முடியாது. போங்க."

முப்பது நாளாக மயிலாத்தாள் வேண்டிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது கிடைத்தது. நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். அந்தக் குனிந்த தலையை அவளால் பார்க்க முடியவில்லை.

"தாயே, அவர் மேல தப்பில்லீங்க. நான்தான் கெடுத்தேன்."

"எதை?"

"எல்லாத்தையுமுங்க. டீயில உப்பைப் போட்டேன். பேட்டரியைக் கழட்டுனேன். ஸ்டிரைக்கரைத் திருடிப் பருப்புக்குள்ள வெச்சேன். அவருக்கு ஒண்ணு பிடிச்சுதுன்னா போயிருவாரேன்னு பயமா இருந்துதுங்க. இன்னொரு மாசம் குடுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"தெரியும்" என்றார் நாச்சிமுத்து.

அவள் திரும்பினாள்.

"என்ன தெரியும்?"

"ஸ்டிரைக்கர். உப்பு. எல்லாம்."

"எப்ப இருந்துங்க?"

"எட்டாம் நாள்ல இருந்து."

"இருபத்தி ரெண்டு நாளா உப்பு டீன்னு தெரிஞ்சேவா?"

"ம்."

"அப்புறம் ஏனுங்க குடிச்சீங்க?"

நாச்சிமுத்து ஆற்றைப் பார்த்தார். கடையில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நாளைக்கு என்ன பண்ணுவியோன்னு பார்க்கத்தான்."

மயிலாத்தாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தாயார் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். நாச்சிமுத்துவின் முன் நீட்டினார்.

"கிடைச்சிருச்சே. பேரைச் சொல்லி வையுங்க. இப்பவே மந்திரம் சொல்றேன்."

உண்மையைச் சொன்னதால் தானே அவரைத் தொலைத்துவிட்டோம் என்று மயிலாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாட்சிக்குச் சம்மதமா?" என்றார் தாயார்.

அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"அவர் பயம் போகோணுமுங்க" என்றாள் மயிலாத்தாள். "சம்மதந்தான்."

நாச்சிமுத்து கூழாங்கல்லை வாங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கனமா?"

"முப்பது கிராம் இருக்குமுங்க."

"வையுங்க."

அவர் தட்டைக் கல்லை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். கை கல்லுக்கு மேலே நின்றது. மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது. கூழாங்கல் கல்லில் பட்டுச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கூழாங்கல் தாயாரின் கையில் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க தாயே. இதை என்னால வைக்க முடியாதுங்க."

"மந்திரம்?"

"எனக்குக் கொடுத்து வைக்கலீங்க."

"இந்த வாசல் மறுபடி திறக்காது."

"தெரியுமுங்க."

தாயார் எழுந்தார். கதவுவரை போனவர் நின்றார்.

"நாடி எத்தனை?"

நாச்சிமுத்துவின் வலது கை இடது மணிக்கட்டைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது.

"பார்க்கலீங்க."

"இன்னைக்கு மட்டுமா?"

கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவர் யோசித்தார். மயிலாத்தாளைப் பார்த்தார். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அவர் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மயிலாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

நாச்சிமுத்து ஒரு வாய் குடித்தார்.

முகத்தைச் சுளித்தார். முப்பத்து மூன்று வருடமாகக் கடைக்காரர்களை நடுங்க வைத்த சுளிப்பு.

"என்னங்க?"

"உப்புக் குறையுது, மயிலா."