ஆலங்குட்டையின் மூன்று சண்டைக்காரர்கள்

ஆலங்குட்டை மிருகங்கள் எல்லாம் கரையில் கூடிக் கூத்தாடிக்கொண்டிருந்தன. ஆற்றுக்கு அக்கரையில் இருந்துகொண்டே அதிகாரம் செய்த புலி ராஜாவின் ஓநாய்களை அன்று காலையில்தான் அடித்து விரட்டியிருந்தன. அந்தப் புலி குட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால், "கெண்டை மீன் எனக்கு! கிழங்கு எனக்கு! ஆலமரத்து நிழலும் எனக்கு!" என்று மட்டும் தவறாமல் சொல்லி அனுப்பும். நிழலை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று பாவம், ஓநாய்களுக்கே தெரியவில்லை.

செம்பாயி என்ற ஆமை மட்டும் ஆடவில்லை. அதற்கு ஆட வராது. தவிர, வடகரை மணலில் முட்டையிட்டு மூடி வைத்திருந்தது. இவர்கள் குதிக்கிற குதியில் முட்டை நசுங்கிவிடுமோ என்று பக்கத்திலேயே காவல் இருந்தது.

"இனிமே நம்மள யாரு ஆளுறது?" என்று கேட்டது முயல்.

"ராஜா வேண்டாம்! நல்லவர் ஒருத்தர் போதும்!" என்று கத்தியது குரங்கு.

"அப்போ கொம்பையா அண்ணன்தான்!"

கொம்பையா ஒரு காட்டுப்பன்றி. ஓநாய்களை முதலில் முட்டித் தள்ளியது அதுதான்.

"சட்டம் நீங்களே போடுங்கண்ணே! நீங்களே நடத்துங்க! வழக்கு வந்தா தீர்ப்பும் நீங்களே சொல்லிடுங்க!"

"இத்தனையும் எனக்கா?" கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் துளி நடிப்பு இல்லை. செம்பாயியும் சந்தோஷமாகத் தலையாட்டி வைத்தது.

வெயில் ஏறியது. சேறு காய்ந்தது. கொம்பையாவுக்கு முதுகு பற்றி எரிந்தது. ஈரம் மிச்சமிருந்தது வடகரையில் மட்டும்தான். "வடகரை இனி ஆள்பவரின் குளியல் கரை!" என்று சட்டம் போட்டது. சட்டத்தை நடத்த வேண்டாமா? உடனே போய் விழுந்து புரண்டது. செம்பாயியின் முட்டை ஒன்று உடைந்தே போயிற்று.

செம்பாயி அழுதுகொண்டே வழக்குக்குப் போனது. ஊரே கூடியது. தீர்ப்புச் சொல்கிற அடிமரத்தின் மேல் கொம்பையா ஏறி நின்றது.

"கொம்பையா! முட்டையை உடைச்சது நீதானா?" என்று உறுமியது.

கேட்டுவிட்டு இறங்கி ஓடிப் போய், குற்றவாளி நிற்கும் இடத்தில் பணிவாக நின்றது. "சட்டப்படிதான் புரண்டேன் ஐயா!"

திரும்ப ஓடி மரத்தில் ஏறியது. "அந்தச் சட்டம் நல்ல சட்டமா?"

கீழே ஓடியது. "ரொம்ப நல்ல சட்டம் ஐயா! போட்டவர் தங்கமானவர்!"

மேலே ஓடியது. மூச்சு வாங்கியது. "உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. போ, போய்க் குளி!"

முயல் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு, நாளைக்குத் தன் வளைக்கும் இதே கதிதானே என்று அதற்குத் தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இவனையும் விரட்டுங்கடா!" என்று மரத்திலிருந்து கத்தியது குரங்கு.

"விரட்டி என்ன பண்றது?" என்றது செம்பாயி. "கொம்பையா அண்ணன் கெட்டவரில்ல. நாளைக்கு என்னையே அந்த மரத்துல ஏத்தி விட்டாலும் எனக்கு நான் நல்ல தீர்ப்பாத்தான் சொல்லிக்குவேன்."

குட்டையில் வெகுதூரத்து வாத்து ஒன்று வந்து தங்கியிருந்தது. பேச ஆள் கிடைக்காதா என்று இத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தது. இப்போது முன்னால் வந்தது.

"கடலுக்கு அப்பால ஒரு குளத்துல யோசிக்கிற வாத்துகள் இருந்தாங்க. ஆளுற அதிகாரம் மேலேருந்து விழுறதில்ல, ஆளப்படுறவங்க சம்மதிச்சுக் கொடுக்கிறதுன்னாங்க. அதையும் ஒரே அலகுல மொத்தமாக் கொடுக்காதே, சட்டம் போட ஒருத்தர், நடத்த ஒருத்தர், தீர்ப்புக்கு ஒருத்தர்னு பிரிச்சுக் கொடுன்னாங்க."

"அப்புறம்?"

"அவங்க குளத்து ராஜா காதுலயே போட்டுக்கல. ஆனா உங்கள மாதிரியே ராஜாவை விரட்டின இன்னொரு குளம் அதை எடுத்து நடத்திப் பார்த்துச்சு."

"நடந்துச்சா?"

"ஒரே கூச்சல்! தூங்க முடியாமத்தான் நான் இங்க வந்தேன்!"

செம்பாயி கண்ணை மூடி யோசித்தது. ஆமை யோசித்தால் லேசில் முடியாது. பாதிக்கூட்டம் தூங்கிவிட்டது.

"சரி! குரங்கண்ணன் சட்டம் போடட்டும். கொம்பையா அண்ணன் நடத்தட்டும். முள்ளம்பன்றி அக்கா தீர்ப்புச் சொல்லட்டும்."

எல்லாரும் விழித்துக்கொண்டு அலறினார்கள். "அவங்க மூணு பேரும் ஒரே கரையில தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்களே!"

"அதுக்காகத்தான் சொல்றேன்!" என்றது செம்பாயி.

அன்றிலிருந்து குட்டையில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. "பழமெல்லாம் குரங்குக்கே!" என்று குரங்கு சட்டம் போடும். "நான் நடத்த மாட்டேன், போடா!" என்று கொம்பையா உட்கார்ந்துகொள்ளும். கொம்பையா வடகரைப் பக்கம் மூக்கை நீட்டினால் முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்க்கும். முள்ளம்பன்றி, கிழங்குத் தகராறில் கிழங்கு நீதிபதிக்கே என்று தீர்ப்புச் சொன்னால் மற்ற இரண்டும் குட்டிக்கரணம் போட்டுக் கத்தும். வாத்து காதில் பாசியை அடைத்துக்கொண்டது. செம்பாயியோ முட்டைகளுக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியது.

முட்டை பொரியும் நேரம் வந்தது. அன்று மத்தியானம் செம்பாயி திடுக்கிட்டு எழுந்தது. குட்டையில் சத்தமே இல்லை! பதறிப்போய் ஓடியது. ஆமை ஓட்டம்தான், ஆனாலும் ஓடியது.

ஆலமரத்தடியில் மூன்றும் ஒரே பலாப்பழத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று சுளை ஊட்டிக்கொண்டிருந்தன!

"வாங்கக்கா! நாங்க ராசியாயிட்டோம்!" என்றது குரங்கு. "வடகரையை மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். சட்டமும் ஆச்சு, தீர்ப்பும் ஆச்சு. சாப்பிட்டுட்டுக் குளிக்கப் போறோம்!"

செம்பாயிக்கு உயிரே போய்விட்டது. கெஞ்சினால் கேட்பார்களா? மூன்றும் ஒரே பக்கம். யாரிடம் போய் யாரைப் பற்றி முறையிடுவது?

வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு மூன்று முகத்தையும் பார்த்தது. மெல்லக் கேட்டது.

"அடடா, எவ்வளவு நல்ல யோசனை! உங்க மூணு பேர்ல யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான்!" என்றது குரங்கு.

"உனக்கா? நான் சொன்னதுக்கு நீ தலையாட்டினே!" என்றது கொம்பையா.

"நான் தீர்ப்புச் சொல்லலேன்னா உங்க யோசனை எதுக்கு ஆகும்?" என்று முள்ளைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி.

பலாப்பழம் பறந்தது. குரங்கு சட்டத்தை வாபஸ் வாங்கியது. கொம்பையா, "வாபஸ் வாங்காத சட்டத்தையும் நடத்த மாட்டேன்!" என்று உட்கார்ந்துவிட்டது. முள்ளம்பன்றி, "வடகரை மூணு பேருக்கும் கிடையாது!" என்று தீர்ப்புச் சொன்னது. கூச்சல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் வடகரை மணல் அசைந்தது. குட்டி ஆமைகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. செம்பாயிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"அம்மா, அங்க என்ன சத்தம்?" என்றது முதல் குட்டி.

"நம்மள ஆளுறாங்கடா கண்ணு! நீ பயப்படாம தண்ணிக்குள்ள போ!"

அதிகாரத்தை நல்லவர் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, ஒருவரை ஒருவர் தடுக்கும்படி பிரித்துக் கொடுத்து, அவர்கள் சத்தமில்லாமல் கூடிக்கொள்கிறார்களா என்று நாமும் விழித்திருந்து பார்க்க வேண்டும்.