படகின் வாயில் தார்

அந்தக் காலத்தில் படகுகளுக்கு வாய் இருந்தது. முன்முனையில் இரண்டு பக்கத்துப் பலகைகளும் வந்து சேரும் இடத்தில், ஒரு கீறல் மாதிரி. கடல்நாய் பேசியது, கடற்காகம் பேசியது, படகும் பேசியது. மனிதர்கள் மட்டும் இப்போது போலவே தங்களுக்குப் பிடித்ததைத்தான் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மக்தாரா என்று ஒருவன் இருந்தான். அவன் அப்பா ஓக் மரத்தில் செய்த பாய்மரப் படகு அவனிடம் இருந்தது. எதிரே இருந்த தீவில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. கரையிலுள்ள சதுப்பு நிலத்தில், காய்ந்தால் விறகு மாதிரி எரியும் மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி, காயவைத்து, படகில் கொண்டுபோனால்தான் அங்கே அடுப்பு எரியும். மக்தாராவின் பிழைப்பு அது. மகள் ப்ரீட்டையும் அந்தத் தீவில்தான் கட்டிக்கொடுத்திருந்தான்.

குளிர் இறங்கிய சமயம், ஒரு கடல்நாய் மூச்சிரைக்க நீந்தி வந்தது.

"உன் மகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. ஆனா தீவுல ஒரு வீட்டுலயும் நெருப்பு இல்ல. புள்ள குளிர்ல வெறச்சுக் கிடக்கு."

மக்தாரா உடனே படகில் கட்டிகளை ஏற்ற ஓடினான். படகு அவனைத் தடுத்தது.

"என் அடிப்பலகை உளுத்துப்போச்சு. முதல்ல என்னைச் சரிபண்ணு."

"மரத்தை வெட்டி, அறுத்து, ஆவியில வளைச்சு முடிக்கறதுக்குள்ள குளிர்காலமே போயிடும்."

"அப்படின்னா பாதிப் பாரம் ஏத்து. தாங்குவேன்."

"பாதி எத்தனை நாளைக்குக் காணும்? என் பேரன் அதுக்கப்புறம் குளிர்ல சாகணுமா?"

அவன் முழுப் பாரத்தையும் ஏற்றினான். இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வரும். ஆனால் பேரன் குளிரில் கிடக்கிறான் என்று கேட்டவனிடம் யார் போய் நியாயம் பேசுவது?

படகு கத்தத் தொடங்கியது. இதைக் கேட்டால் எவனும் ஏறமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். தாரைக் காய்ச்சி எடுத்துவந்தான்.

"மக்தாரா, என் வாயை அடைச்சா ஓட்டை அடைபடுமா?" என்றது படகு. அதுதான் அது கடைசியாகப் பேசியது. கொதிக்கும் தாரை அதன் வாயில் அப்பினான். வாயில் மட்டும் பூசினால் தெரிந்துவிடுமே என்று படகு முழுக்கப் பூசினான்.

ஊரிலிருந்து அவன் மகன் கோல்மன் வந்தான். பளபளவென்று கறுத்து நின்ற படகைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம்.

"புதுசு மாதிரி இருக்கே அப்பா! பலகையெல்லாம் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு" என்றான் மக்தாரா.

விளிம்புவரை பாரம். அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கோல்மன் ஏறிக்கொண்டான்.

நடுக்கடலில் படகு ஏதோ சொல்லத் தவித்ததாம். வெறும் முனகல்தான் வெளியே வந்தது. "என்ன வேணும் உனக்கு?" என்று கோல்மன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தபோதே அடிப்பலகை பெயர்ந்தது. கூடவே நீந்திய கடல்நாய் சொல்லித்தான் இது கரைக்குத் தெரியவந்தது.

காற்று படகைத் தீவின் பாறையில் கொண்டுபோய்ப் போட்டது. கோல்மனின் உடலையும் அங்கேதான் போட்டது. வேறொருவர் படகில் மக்தாரா போய்ச் சேர்ந்தபோது, ப்ரீட் ஊறிப்போன மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை துணி சுற்றிக் கிடந்தது. அழவில்லை, அசையவில்லை.

"பாதி வந்திருந்தாக்கூடப் போதுமே அப்பா" என்றாள். அதற்குமேல் அவள் அவனிடம் பேசவேயில்லை.

மக்தாரா உடைந்த படகைக் கரைக்கு இழுத்துவந்தான். ஓக் மரம் வெட்டினான். உளுத்த பலகைகளைக் கழற்றிப் புதியவற்றை வளைத்துப் பொருத்தினான். வாயிலிருந்த தாரை நகம் பிய்ந்து ரத்தம் வரச் சுரண்டினான். உள்ளே கீறல் மூடிப்போயிருந்தது. "பேசு தாயே, இன்னும் எங்கே உனக்கு வலிக்குது?" என்று கெஞ்சிக்கொண்டு, சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். நல்ல பலகை கணீரென்றது. உளுத்தது மட்டும் பொத்தென்றது.

அன்று முதல்தான் அந்தக் கரையில் பழைய படகைப் புதுப்பிக்க வருகிறவர்கள், ரம்பத்தை எடுக்கும்முன் சுத்தியலால் தட்டி, தார் ஒட்டிய பலகையில் காதை வைக்கிறார்கள். படகு இன்றும் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்காதவனுக்கு அது எதையும் சொல்வதில்லை.