கல் கப்பலும் நெல் கப்பலும்

கப்பல்கள் காற்றின் சொல் கேட்டு நடந்த முன்னொரு காலத்தில், ஒரே ஒரு துறைமேடையை வைத்துக்கொண்டு ஒரு கடற்கரை நாடு பிழைத்தது. அந்நாட்டு அரசர் ஒருநாள் துறைக்குப் போனபோது, எந்தக் கப்பல் முதலில் மேடையை அணைவது என்று இரண்டு தண்டல்கள், அதாவது கப்பல் தலைவர்கள், துடுப்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அரசருக்குக் கோபம் தலைக்கேறியது.

"துறையோ, கோட்டை வாயிலோ, இனி வந்த வரிசைதான்! முந்துபவன் தலை இருக்காது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுவாரமே கோயில் திருப்பணிக்குக் கருங்கல் ஏற்றிய பெருங்கப்பல் வந்தது. பாரத்தில் ஆழ அமிழ்ந்திருந்ததால், பௌர்ணமிக் கடல் பெருகினால்தான் அது முகத்துவார மணல்திட்டைத் தாண்டும். அதற்கு இன்னும் ஆறு நாள். அதன் பின்னால், திட்டை எளிதில் தாண்டக்கூடிய விதைநெல் கப்பல். வெள்ளத்தில் விதையைப் பறிகொடுத்த நாற்பது ஊர்கள் அந்த நெல்லுக்காகக் காத்திருந்தன. துறைமேடையோ ஆளில்லாமல் வெயில் காய்ந்தது.

அரசவை விகடன் சோலையப்பனைக் கண்டாலே கசக்கும் அமைச்சர் மழவராயருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

"அரசே, துறைக் காவலுக்குச் சோலையப்பனை அமர்த்துவோம். ஆணை மீறினாலும் அவர் தலை, விதைநெல் கெட்டாலும் அவர் தலை. அவருடைய புத்திக்கு இது எம்மாத்திரம்?"

வேடிக்கை பார்க்கும் ஆசையில் அரசர் தலையசைத்துவிட்டார்.

சோலையப்பன் தோணி ஏறி நெல் கப்பலுக்குப் போனான். தண்டல் சிங்காரன் ஒரு மூட்டையைப் பிரித்தார்.

"கைய விட்டுப் பாருங்க சாமி. அடுப்பு மாதிரி கொதிக்குது. முளை கண்டுருச்சு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வயலுக்குப் போனா நாத்து. இல்லேன்னா மாட்டுக்குத்தான்."

"கல் கப்பல்காரர் என்ன சொல்கிறார்?"

"அவரு என்ன செய்வாரு, பாவம்? அவராலயும் போக முடியல, எங்களையும் போக விடமுடியல. மேடை சும்மா கெடக்கறத எல்லாருமாச் சேந்து பாத்துக்கிட்டிருக்கோம்."

உள்ளங்கையில் இருந்த நெல்மணிகளில் ஊசி முனைபோல வெள்ளை எட்டிப் பார்த்தது. ஆணையை மீறிவிடலாமா? தலை ஒன்று, ஊர்கள் நாற்பது. சோலையப்பன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். ஆனால் தலை போன பின்பும் அந்த ஆணை இருக்கும்; அடுத்த நெல் கப்பலும் வரும்.

மறுநாள் உச்சிவேளையில் வேட்டை முடிந்து பசியோடு திரும்பினார் அரசர். கோட்டை வாயிலில் பல்லக்கு நின்றுவிட்டது. முன்னால் ஒரு யானை. அதன்மேல் மூன்றடுக்கு அம்பாரி, வாயில் வளைவைவிட உயரம். உச்சியில் சோலையப்பன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன கூத்து இது? உள்ளே போ!"

"அம்பாரி இடிக்கிறது, அரசே. இதைக் கழற்றத் தச்சன் மாலையில்தான் வருவான்."

"அப்படியானால் ஒதுங்கி வழி விடு!"

காவலர் தலைவன் குறுக்கிட்டான். "மன்னிக்கணும் மகாராஜா. யானைதான் முதல்ல வந்துச்சு. வந்த வரிசைன்னு தங்கள் ஆணை."

"முட்டாள்களா! நுழைய முடியாதவனுக்காக வாயிலை ஏனடா காலியாக வைக்கிறீர்கள்? அவன் முறையை யார் பிடுங்கப் போகிறார்கள்? அவனால் முடிகிறபோது வரட்டும். அதுவரை நுழையக்கூடியவன் நுழையட்டும்!"

சோலையப்பன் சரசரவென்று இறங்கி, கை கூப்பினான்.

"இந்தச் சொல் துறைக்கும் பொருந்துமா, அரசே?"

ஆளில்லாத துறைமேடை இப்போதுதான் அரசர் நினைவுக்கு வந்தது. வேட்டைக்கு உடன் போயிருந்த மழவராயர் பதறினார்.

"தெய்வத்துக்கு வந்த கல், அரசே! அதை முந்துவது பாவம்!"

"அமைச்சரே," என்றான் சோலையப்பன், "கல் இன்னும் எத்தனை நாள் கடலில் கிடந்தாலும் கல்தான். நெல் அப்படியில்லை. தெய்வத்துக்கும் நைவேத்தியம் அதிலிருந்துதானே வரவேண்டும்?"

அரசர் பல்லக்கு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சோலையப்பன் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"உமக்கு அந்தக் கல்மேல் இவ்வளவு பக்தியா? பௌர்ணமிவரை கப்பலிலேயே இருந்து காவல் காத்து வாரும்."

அன்று பொழுது சாயுமுன் ஆற்றங்கரை வயல்களில் விதை விழுந்தது. கடலில் ஆடிக்கொண்டிருந்த கல் கப்பலிலிருந்து, மழவராயர் வாந்தியெடுக்கும் ஓசை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.