தண்ணீர் விலகிய இடம்

என் பேரை முதலில் கெடுத்தவன் தொம்மை.

நான் பெயிண்ட் அடிக்கிற இரும்புப் படகை ஓட்டுகிறவன் அவன். இரண்டு வருடமாக அந்தப் படகின் முன்பக்கம், அணியத்தின் கீழே, ஒரே இடத்தில் பூச்சு உரிந்தது.

“துருவைச் சுரண்டாம மேலயே அடிச்சிட்டான்” என்று மீன் ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

இந்த வருடமும் உரிந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மேஸ்திரி ரெஜினாவிடம் போனேன். எங்கள் துறையில் இரும்பு வேலையில் ஒரு சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். என்னைவிட இளையவர். கேட்கப் பிடிக்கவில்லை. கேட்டேன்.

“நான் எதைச் செய்யாம விட்டேன், மேஸ்திரியம்மா?”

அவர் கரையேற்றி நிறுத்தியிருந்த படகின் முன்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். ஒரு வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே நல்ல தண்ணீர்.

“ஊத்துங்க, அண்ணாச்சி.”

“காலையிலேயே பழைய பூச்சைச் சுரண்டி, தேய்ச்சுக் கழுவித் துடைச்சாச்சு. முகம் பாக்கலாம்.”

“உங்க முகத்தை யாரு பாக்கப் போறா? ஊத்துங்க.”

இரும்பின் மேல் ஊற்றினேன்.

தண்ணீர் சொட்டாகவில்லை. கோடாகவும் ஓடவில்லை. மேலிருந்து கீழே ஒரே துணியாக விரிந்து, கிழியாமல் இறங்கியது. இரும்பே உருகி வழிவது போல இருந்தது. இத்தனை வருடம் இதே வேலை செய்கிறேன். சுத்தமான இரும்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அணியத்தின் கீழே வந்ததும் தண்ணீர் விலகியது.

ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நடுவில் உலர்ந்த இரும்பு. அது ஒரு கை.

உள்ளங்கை. விரல்கள். மோதிர விரல் மட்டும் இல்லை.

வலை இழுக்கிற வின்ச்சில் விரலைக் கொடுத்தவன் எங்கள் துறையில் ஒருவன்தான்.

“தொம்மை!” என்றேன். தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

ரெஜினா என் கையைத் தட்டிவிட்டார். “உங்க கையையும் சேர்த்து வைக்கப் போறீங்களா?”

படகைத் தொட்டுச் சிலுவை போடுவது எங்கள் வழக்கம். அதைக் கடலில் இறக்கும்போது செய்வோம். பூச்சு ஏறாத வெறும் இரும்பில் யாரும் கை வைப்பதில்லை. அதுவும் என்ஜின் எண்ணெய்க் கை பட்ட இடத்தில் தண்ணீரும் ஒட்டாது, பூச்சும் ஒட்டாது.

“முதலாளி சாயங்காலம் வருவாரு. இதை அவருக்குக் காட்டணும்.”

“காட்டுங்க. தண்ணி பட்ட இரும்பு. அதுக்குள்ள முழுசும் துருவேறிப் பழுத்துரும். நாளைக்குப் படகு இறங்குது. துரு மேலயே அடிப்பீங்களா?”

“இப்பவே துடைச்சா?”

“கைத்தடம் போயிரும்.”

“அப்ப என் பேரு?”

அவர் ஒரு ஜோடி கையுறையையும் தின்னர் நனைத்த துணியையும் நீட்டினார்.

“அவன் ஏன் திருட்டுத்தனமா வந்து கை வைக்கணும்?”

“அந்த இடத்துக்கு உங்க கை எட்டுதா பாருங்க. தொடாம.”

நின்றபடி நீட்டினேன். எட்டவில்லை. குனிந்தேன். கை கோணியது. அந்தக் கை நேராக, விரல்கள் மேலே பார்க்கப் பதிந்திருந்தது.

மண்டியிட்டேன்.

மணலில் ஏற்கெனவே இரண்டு குழிகள் இருந்தன. என் முட்டிகள் அவற்றில் போய் உட்கார்ந்தன.

அண்ணாந்து பார்த்தேன். படகு முழுவதும் என் தலைக்கு மேலே நின்றது. அவ்வளவு பெரிய இரும்பு. என் சுண்டுவிரலைவிட மெல்லிய தகடு. அதற்கு அந்தப்பக்கம் ஆட்கள் தூங்குவார்கள். இந்தப்பக்கம் கடல்.

தொம்மை இங்கே மண்டியிட்டு, இந்த இரும்பைத் தொட்டுத்தான் கும்பிட்டிருக்கிறான்.

துடைத்தேன்.

அவர் இன்னொரு வாளி ஊற்றினார். தண்ணீர் எங்கும் விலகவில்லை.

காற்றடித்துக் காயவைத்து, பழுக்கும் முன்னே முதல் பூச்சை ஏற்றினோம்.

அந்த வருடம் உரியவில்லை. “இந்தத் தடவைதான் ஒழுங்காச் சுரண்டியிருக்கான்” என்று தொம்மை அதே ஏலக்கூடத்தில் சொன்னான்.

அந்தக் கையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை; முன்பு சொன்னதை அவனும் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. வாங்கத்தான் வேண்டும்.