நாலு எலுமிச்சம்பழமும் ஒரு ஆக்சிலும்

கொல்லிமலை மிளகுத் தோட்டத்து முதலாளி பொன்னுரங்கத்திடம் ஒரு ஜீப் இருந்தது. டிரைவர் செங்கோடனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு முதலாளியே ஜீப்பை எடுப்பார், ஓடைப் பாறையில் ஏற்றி நண்பர்களுக்கு வித்தை காட்டுவார், பின் ஆக்சிலை உடைப்பார். திங்கட்கிழமை திட்டு மட்டும் செங்கோடனுக்கு.

போன தடவை உடைந்தபோது, "கெட்டியான ஆக்சிலாப் போட்டுக்கிட்டு வா. இதுவும் உடைஞ்சா உனக்கு வேலை இல்லை" என்றார்.

"சரிங்க முதலாளி."

சனிக்கிழமை சாயங்காலம் புது ஆக்சிலோடு வந்த ஜீப்பைக் கொட்டகையில் நிறுத்தி, ஆட்களையெல்லாம் கூட்டிப் பூஜை போட்டான் செங்கோடன். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தான்.

"இன்னிக்கு நேரம் சரியில்லீங்க. திங்கட்கிழமை காலையில பழத்து மேல ஏத்தி எடுத்துக்கலாம்."

முதலாளியும் பக்தியோடு தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலையில் ஜீப் அதே இடத்தில் நின்றது. ஆக்சில் கட்டாகியிருந்தது.

"சனிக்கிழமை வர்றப்பவே உடைச்சுக் கொண்டாந்து நிறுத்தியிருக்கே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் பொன்னுரங்கம்.

செங்கோடன் குனிந்து பழங்களைப் பொறுக்கிக் காட்டினான். நாலும் அப்பளமாய் நசுங்கி, தோலில் டயர் அச்சு பதிந்திருந்தது.

"இருக்கலாங்க. அப்ப இதை யாருங்க நசுக்கினது?"

ஆட்கள் முதலாளியைப் பார்த்தார்கள்.

"அது... ஏதாவது பெருச்சாளியா இருக்கும்."

"அப்படீன்னா இன்னும் தடிமனான ஆக்சிலாப் போட்டுடலாங்க. பெருச்சாளி ஓட்டினாலும் உடையக் கூடாது பாருங்க."

ஆட்கள் சிரித்த சிரிப்பில் முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் ஜீப் சாவியைக் கையோடு எடுத்துப் போகிறான். கேட்டால், கொட்டகையில் பெருச்சாளித் தொல்லை என்கிறான்.